நான்கு எல்லை

மவுஸ் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
அதற்கு முன்னமே செத்திருந்தது
என் வலது மணிக்கட்டு.

வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கையொன்றில்
நொத்தாரிசு அலுவலகம், இரண்டாம் மாடி.
நாளுக்கு ஏழெட்டு உறுதி அடிக்கிறவள் நான்.
அரை மணித்தியாலம் ஒருவருடைய காணி
என் கையில் இருக்கும்.
பிறகு அச்சுக்குப் போகும்.

கணக்குப் பார்க்கும் ருஸைனா
தான் பாவிக்கிறதைச் சிபாரிசு செய்தாள்:
இரண்டு விசையை அமத்திப் பிடித்தபடி
மூன்றாவதை எட்டித் தொட வேண்டும்.
விரல்கள் இடியப்ப உரலுக்குள் அகப்பட்ட மாதிரி.
யோகபவன் சோற்றுப் பார்சலை விரித்துக்கொண்டு
புது மவுஸ் வாங்குங்கோ அக்கா என்றான்,
புறக்கோட்டையில் ஆயிரத்து இருநூறுதானே.

நான் மற்றதை எடுத்தேன்.
காசு கேட்கவில்லை.
இந்தக் கிழட்டுக் கணினி அதைத் தாங்கியது.
மவுஸைப் பற்றி அது விசாரிக்கவேயில்லை.

முதல் நாள்
விற்பனையாளர் பெயரை அடித்தேன்.
எழுத்து விழவில்லை,
பந்திகள் பறந்தன.
எழுத முன்னம், எழுதப் போகிறேன் என்று சொல்ல வேணுமாம்.
எழுதி முடிந்ததும், முடிந்தது என்று சொல்ல வேணுமாம்.
இவ்வளவு மரியாதை பார்க்கிறவர்
இங்கே நொத்தாரிசு ஐயா ஒருவர்தான் என்றிருந்தேன்.
வெளியேறும் வழி பிடிபடாமல்
ஐந்தரைக்கு பிளக்கைப் பிடுங்கிவிட்டு
நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினேன்.

ஆனால் அந்த நான்கு எழுத்து!
மேல், கீழ், இடம், வலம்,
பக்கத்துப் பக்கத்தில், கை அசையாமல்.
பதினொரு வருடமாய் வேறென்ன அடிக்கிறேன்:
வடக்கே சின்னத்தம்பியின் வாரிசுகளின் காணி,
கிழக்கே ஒழுங்கை,
தெற்கே பொது மதில்,
மேற்கே புகையிரதப் பாதை ஒதுக்கம்.

மூன்றாம் கிழமை
ஒன்பது பேர்ச்சஸையும் அதிலிருந்த கிணற்றையும்
இரண்டு தட்டில் பிடுங்கி
ஒரு தட்டில் அடுத்த பக்கத்தில் நட்டேன்.
ஒருவரும் வழக்குப் போடவில்லை.
பிழைத்துப் போனால் பின்னால் போகலாம்,
ஒவ்வொரு அடியாக,
கையெழுத்துக்கும் முந்திய காலைக்கு.

தமிழில்தான் தகராறு.
தமிழ் விசைக்கு மாற்றி அடித்துக்கொண்டிருக்கையில்
கீழே போ என்றால்
அதன் காதில் விழுவது 'த'.
மேலே போ என்றால் 'ம'.
அது ணங் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நிற்கும்.
தமிழில் எழுதலாம்,
கட்டளை மட்டும் ஆங்கிலத்தில் என்றது.
இது எனக்குத் தெரிந்த கதை.
கவுண்டரில், படிவத்தின் அடிக்குறிப்பில்,
பொலிஸ் முறைப்பாட்டில் கேட்ட கதை.
அங்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தேன்.
இதனிடம் ஏனோ தலையாட்ட மனம் வரவில்லை.

போயா தினம், கடைகள் பூட்டு.
ருஸைனா தொலைபேசியில் சிரித்துச் சிரித்து வழி சொல்ல
ஒரு கோப்பைத் திறந்து எழுதினேன்:
'த' என்றாலும் கீழ்தான்.
'ம' என்றாலும் மேல்தான்.
'ட' என்றால் வலம்.

சேமித்தேன். மூடித் திறந்தேன்.
'த' என்றேன்.
இறங்கியது.
இன்னொரு தரம் சொன்னேன், தேவையில்லாமல்.
அதற்கும் இறங்கியது.

அரவு மட்டும் இசையவில்லை.
இடம் போக வேண்டிய விசையில் இருப்பது
தனியே நிற்கத் தெரியாத குறி,
முன்னால் யாராவது மெய்யெழுத்து வேண்டும் அதற்கு.
மூன்று விதமாய் எழுதிப் பார்த்தேன்.
சரிவரவில்லை.
அந்தப் பக்கம் போக
இப்போதைக்கு அம்புக்குறியைத் தொடுகிறேன்.

மூன்று எல்லை முடிந்தது.
மேற்கெல்லை தீர்க்கப்படவில்லை என்று
உறுதியில் எழுதுவது போல எழுதிவைத்தேன்.
யன்னலுக்கு வெளியே மேற்கில்
பாணந்துறைக்கான ரயில் போகிறது,
வாசலில் தொங்கும் ஆட்களுக்கு அப்பால்
அளக்க வராத தண்ணீர்.